சல்காட்டா ஆமை வளர்ப்பு: உள்ளங்கைக் குஞ்சு முதல் 50 கிலோ வரை, முழுமையான வழிகாட்டி

பெரும்பாலானவர்கள் சல்காட்டா ஆமையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு 4 முதல் 5 செ.மீ நீளம் இருக்கும். ஒரு கோழிமுட்டையின் எடைகூட இராது. அதே உயிர் வளர்ந்து 40, 50 கிலோ ஆகும்; பெரிய ஆண்கள் 80 கிலோவையும் தாண்டும். கலாபகோஸ், அல்டாப்ரா தீவுகளின் ராட்சத ஆமைகளை விட்டால் இதைவிடப் பெரிய நிலஆமை உலகில் இல்லை. ஆயுளோ 70 ஆண்டுகளுக்கு மேல் போகும்.

எங்கள் வீட்டில் இருப்பதும் சல்காட்டாதான். இப்போது 43 கிலோ. அதன் முதுகோட்டில் விரல் வைத்துத் தடவினால் ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். மேட்டைத் தாண்டித் தகட்டின் ஓரத்துக்கு வந்தால் ஓடு வழவழவென்று ஆகிவிடும். ஆமையின் ஓட்டுத் தகடு ஓரத்தில்தான் புதிதாக வளரும்; நடுப்பகுதிதான் பழசு. அதனால் அந்த மேடுகள் முதல் இரண்டு வருடம் நான் செய்த தவறின் தடம், வழவழப்பு நான் திருத்திக்கொண்ட பிறகு வளர்ந்த ஓடு. 'பாலைவனத்து ஆமை, காய்ந்த இடத்தில் வைத்தால் போதும்' என்று சிலர் சொன்னதை நம்பிக் காய்ந்த மணலில் வைத்திருந்தேன். மேடுகள் இனி மறையாது. உங்கள் ஆமைக்கு அது வராமல் இருக்கட்டும் என்றுதான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

## முதலில் வளையைப் புரிந்துகொள்ளுங்கள்

சல்காட்டாவின் சொந்த ஊர் சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பு. செனகல் தொடங்கி மாலி, நைஜர், சாட், சூடான் வழியாக எத்தியோப்பியா வரை நீளும் சாஹேல் நிலப்பரப்பு. வெளியே 40 டிகிரியைத் தாண்டி வெயில் கொளுத்தும்போது அது வெளியே நிற்பதில்லை. மண்ணைத் தோண்டிப் பல மீட்டர் நீளத்துக்கு வளை அமைத்து உள்ளே கிடக்கும். விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் மட்டும் மேயப் புறப்படும். வளைக்குள் மண் குளிர்ந்திருக்கும், காற்று ஈரமாக இருக்கும், ஆமையின் மூச்சும் அந்த ஈரத்தோடு சேரும். ஆக, பாலைவனத்து ஆமை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈரமான ஓர் அறையில் கழிக்கிறது.

2003-ல் வெளியான ஓர் ஆய்வில் சல்காட்டா குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஓடு மேடு மேடாக எழும்புவதற்குப் புரதம்தான் காரணம் என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். காற்றின் வறட்சிதான் பெரிய காரணம், புரதத்தின் பங்கு மிகக் குறைவு என்று தெரியவந்தது.

கீழே சொல்லப்போகும் கூண்டு, குளியல், இரவுக் கொட்டகை எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்த வளையைத் திரும்பக் கட்டும் வேலைதான். ஒரு பொருள் வாங்கலாமா வேண்டாமா என்று குழம்பும்போது 'வளைக்குள் இது எப்படி இருக்கும்' என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

## படி 1: வாங்கும் முன்

உங்கள் நாட்டில் இந்த இனத்தை வளர்க்க அனுமதி உண்டா, உரிமம் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். சல்காட்டா அழியும் ஆபத்தில் உள்ள இனம். அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்த ஆமைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதற்கான அளவு 2000-ம் ஆண்டு முதல் பூஜ்யம். ஆகவே வளர்ப்பில் பிறந்ததற்கான ஆவணம் இல்லாத ஆமையைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? நாய், பூனை மட்டுமே பார்க்கும் மருத்துவர் போதாது. இதை ஆமை வருவதற்கு முன்பே விசாரித்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குஞ்சுதான் வேண்டும் என்றில்லை. வளர்க்க முடியாமல் கைவிடப்பட்ட பெரிய சல்காட்டாக்கள் ஆமைக் காப்பகங்களில் நிறைய இருக்கின்றன. இடமும் வசதியும் தயாராக உள்ளவர்கள் வளர்ந்த ஒன்றைத் தத்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. குஞ்சுப் பருவத்தின் ஆபத்துகளை அது தாண்டிவிட்டது, ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். குஞ்சில் அது தெரியாது. ஓடு ஏறக்குறைய 30 செ.மீ நீளமாகும் வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாக மட்டும் வாங்காதீர்கள். 'தனியாக இருந்தால் ஏங்கிப்போகும்' என்பது மனிதர்களான நமக்குத் தோன்றுவது. சல்காட்டா தனியே வாழும் பிராணி. இரண்டு குஞ்சுகளை ஒரே பெட்டியில் விட்டால் ஒன்று மற்றதன்மேல் ஏறிப் படுக்கும், உணவின்மேல் உட்கார்ந்துகொள்ளும், பின்னாலேயே போகும். பார்க்கிறவர்களுக்குப் பாசமாகத் தெரியும். சில மாதங்களில் ஒன்று கொழுகொழுவென்றும் மற்றது வளராமலும் நிற்கும். வளர்ந்த ஆண்கள் இரண்டு சேர்ந்தால், கழுத்துக்குக் கீழே முன்னோக்கி நீண்டிருக்கும் ஓட்டு முனையால் முட்டி ஒன்றை ஒன்று கவிழ்த்துவிடும். ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இருந்தாலும் ஆண் விடாமல் துரத்திப் பெண்ணை நோகடிக்கும்.

## படி 2: குஞ்சுக்கு மூடிய பெட்டி

மேலே திறந்த தொட்டியில் ஈரப்பதம் நிற்காது. விளக்கின் சூடு மேலே ஏறும்போது ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் மேலும் மூடிய பெட்டி வேண்டும், விளக்குகள் மூடிக்கு உள்ளே இருக்க வேண்டும். 120 செ.மீ நீளம், 60 செ.மீ அகலம் உள்ள பெட்டி முதல் ஓரிரு வருடத்துக்குத் தாங்கும்.

மனதில் வைக்க வேண்டிய அளவுகள் இவை. வெயில் காயும் இடத்தில், விளக்குக்கு நேர் கீழே, 35 முதல் 38 டிகிரி செல்சியஸ். பெட்டியின் மற்ற இடங்களில் பகலில் 28 முதல் 32. இரவிலும் 26-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி. சூடும் ஈரமும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஈரம் இருந்து சூடு குறைந்தால் நுரையீரலில் சளி கட்டிவிடும். 'ஈரத்தில் வைத்தேன், ஆமைக்கு நோய் வந்துவிட்டது' என்று சொல்பவர்களிடம் இரவு வெப்பம் எவ்வளவு என்று கேட்டால் காரணம் தெரிந்துவிடும்.

தரைக்கு நல்ல நைசான தென்னை நார்த்தூளோ, பொடி மரப்பட்டையோ 8 முதல் 10 செ.மீ தடிமனுக்குப் பரப்பிக் கையால் அழுத்தி விடுங்கள். ஈரம் ஏற்றும்போது மேலே தெளிக்காமல், நான்கு மூலைகளிலும் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றுங்கள். நீர் அடியில் பரவும், மேல்பரப்பு காய்ந்தே இருக்கும். விரலைக் குத்திப் பார்த்தால் முதல் கணு வரை உலர்வாகவும் அதற்குக் கீழே ஈரமாகவும் தெரிய வேண்டும். மேல்பரப்பே சொதசொதவென்று இருந்தால் வயிற்றுப்பக்க ஓடு அழுகத் தொடங்கும். மணல் வேண்டாம். உணவோடு சேர்த்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

ஒரு மூலையில் ஒளிய இடம் வேண்டும், வளையைப் போலவே இருட்டாக, ஈரமாக. குஞ்சு முக்கால்வாசி நேரம் அங்கேயே கிடந்தால் பயப்படாதீர்கள், காட்டிலும் அது அப்படித்தான் இருக்கும்.

தினமும் ஒருமுறை குளியல். தட்டையான கிண்ணத்தில் 32 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நீர், தாடைக்குக் கீழே நிற்கும் உயரத்துக்கு. 20 நிமிடம் போதும். நீர் ஆறினால் மாற்றி ஊற்றுங்கள். பெரும்பாலும் தண்ணீரிலேயே கழித்துவிடும், அதனால் பெட்டியும் சுத்தமாக இருக்கும். இந்தக் குளியலை முதல் இரண்டு வருடம் ஒருநாளும் விடாதீர்கள்.

## படி 3: வெளிச்சம்

ஓடு என்பது எலும்பு. விலாவும் முதுகெலும்பும் அதோடு ஒட்டியே இருக்கின்றன. அந்த எலும்பில் கால்சியம் சேர வைட்டமின் டி3 வேண்டும். தோலில் டி3 உருவாக 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா ஒளி, அதாவது யுவிபி, படவேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அது இருக்காது, கண்ணாடியே தடுத்துவிடும்.

நேர் வெயிலுக்கு ஈடு இல்லை. தட்பவெப்பம் ஒத்துவரும் நாட்களில் குஞ்சை ஒரு மணி நேரமாவது வெளியே விடுங்கள். பாதி நிழல் கட்டாயம் இருக்க வேண்டும், மேலே வலை மூடியிருக்க வேண்டும். காக்கையும் எலியும் நாயும் ஒரு நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். உள்ளேயே வளர்ப்பதானால் டி5 வகை யுவிபி குழல்விளக்கு மாட்டுங்கள். எத்தனை உயரத்தில் மாட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லும் அளவைக் கடைப்பிடியுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி மட்டும் குறைந்துபோகும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சுருள் வடிவக் காம்பாக்ட் பல்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், கண்ணை உறுத்துகின்றன. இரவில் சிவப்பு, நீல விளக்குகளும் வேண்டாம். ஆமைக்கு நிறம் தெரியும், தூக்கம் கெடும். வெளிச்சம் தராத செராமிக் சூடேற்றியை, சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டில் இணைத்துவிட்டால் இரவுக்குப் போதும்.

## படி 4: முற்றமும் வேலியும்

ஓடு 20 செ.மீ நீளத்தைத் தாண்டியதும் வெளியே குடியேற்றத் தயாராகலாம். வளர்ந்த சல்காட்டாவுக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்பதைக் குறைந்தபட்ச இடமாக நான் வைப்பேன். நாள் முழுக்க நடந்து மேயும் பிராணி அது. அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் வளர்க்க முடியுமா என்று கேட்டால் முடியாது என்பதுதான் நேர்மையான பதில்.

வேலி விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள்: அந்தப் பக்கம் தெரிந்தால் அந்தப் பக்கம் போக முயலும். கம்பி வலையில் நாள் முழுக்க மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும், அல்லது வலையையே பிய்த்துக்கொண்டு போகும். 40 கிலோ எடை சரிந்து தள்ளும்போது மரப்பலகைக்குக் கொடுத்த ஆணி தாங்காது. கான்கிரீட் கல்லோ செங்கல்லோ வைத்து, ஊடே பார்வை போகாத சுவராகக் கட்டுங்கள். தரைக்கு மேல் 60 செ.மீ, தரைக்குக் கீழே 30 செ.மீ. மூலைகளில்தான் அதிகம் தோண்டும், ஏறவும் பார்க்கும். அதனால் மூலைகளில் மட்டும் தட்டையான கல் பலகையைத் தரையோடு தரையாகப் பதித்துவிடுங்கள். கேட்டின் அடிப்பாகத்தையும் பலகையால் மறைக்க வேண்டும்.

கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும். பிளாஸ்டிக் துண்டு, சின்னக் கல், சிவப்பாக எதுவாக இருந்தாலும் முதலில் கடிக்கும். வேலி வேலை முடிந்ததும் ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெங்கும் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கைப்பிடி திருகாணி சேர்ந்தது. வேலையாட்கள் கவனமாகத்தான் செய்திருந்தார்கள், அப்படியும் அத்தனை. அரளி போன்ற நச்சுச் செடிகளை வேரோடு எடுத்துவிடுங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் அந்த மண்ணில் படக் கூடாது.

நாய் வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வருடம் சாதுவாகச் சுற்றிவந்த நாயும் ஒருநாள் ஆமையின் ஓட்டை எலும்பாக நினைத்துக் கடித்துவிடும். ஆமைக்கு ஓடத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் சுவர் இருக்கட்டும்.

முற்றத்தில் விட்டதும் அது வளை தோண்டத் தொடங்கும். ஆசையாக இருக்கும், ஆனால் நான் அனுமதிப்பதில்லை. மழையில் வளைக்குள் நீர் புகும், மண் சரியும், உள்ளே கிடக்கும் ஆமையை வெளியே எடுக்க ஒரு நாள் முழுக்கத் தோண்ட வேண்டிவரும். வீட்டுச் சுவரோரம் தோண்டினால் அஸ்திவாரத்துக்கே கேடு. தோண்டத் தொடங்கிய இடத்தில் கனமான கல்லை வைத்து மூடிவிட்டு, தோண்டத் தேவையில்லாத ஒரு வளையை நீங்களே கட்டிக் கொடுங்கள். அதுதான் அடுத்த படி.

## படி 5: இரவுக் கொட்டகை

ஆமை வளர்ப்பில் நான் அதிகம் செலவழித்ததும் அதிகம் யோசித்ததும் இதற்காகத்தான். சல்காட்டாவுக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. மத்தியதரைக்கடல் பக்கத்து ஆமைகளைக் குளிரில் தூங்கவைப்பதைப் படித்துவிட்டு இதற்கும் அப்படிச் செய்தால் இறந்துவிடும். குளிர் இரவுகள் உள்ள எந்த இடத்திலும் சூடான கொட்டகை இல்லாமல் இதை வெளியில் வளர்க்கக் கூடாது.

உள்ளளவு 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 60 செ.மீ உயரம். கூரையைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்தால் நாம் சுத்தம் செய்ய வசதி. சுவர், கூரை, தரை எல்லாமே இரண்டு பிளைவுட் பலகைகளும் நடுவில் 5 செ.மீ தெர்மாகோலுமாக இருக்க வேண்டும். தெர்மாகோல் ஒரு விரற்கடை அளவுக்குக்கூட வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் ஆமை அதைத் தின்றுவிடும். வாசலில் கனமான பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிடுங்கள். முதல் சில நாள் தயங்கும். ஒரே ஒரு பட்டையை மட்டும் முதலில் தொங்கவிட்டு, இரண்டு நாளைக்கு ஒன்றாகக் கூட்டினால் பழகிவிடும்.

சூடேற்ற மேலே பல்பு தொங்கவிடாதீர்கள். பெரிய ஆமையின் முதுகு உயரமானது. பல்பின் சூடு முழுவதும் முதுகின் உச்சியில் விழும், காலும் வயிறும் குளிர்ந்தே இருக்கும். உடல் குளிர்வதால் ஆமை நகராமல் அங்கேயே நிற்கும், உச்சி ஓடு மெல்ல வெந்துபோகும். ஓட்டுக்கும் உணர்ச்சி உண்டு, ஆனால் மெதுவாக ஏறும் சூட்டை அது நேரத்தோடு உணர்வதில்லை. பல்பு வைக்கோலில் விழுந்து கொட்டகையே தீப்பிடித்த கதைகளும் ஆமை வளர்ப்பவர்களிடையே சாதாரணம். சிறிய ஆயில் ரேடியேட்டர் (எண்ணெய் நிரப்பிய மின்சூடேற்றி) ஒன்றை மூலையில் வைத்து, ஆமை மோதாதபடி முன்னால் உறுதியான கம்பித் தடுப்புக் கொடுங்கள். தெர்மோஸ்டாட்டை 27 டிகிரியில் வையுங்கள். மின்இணைப்பில், கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம், புகை எச்சரிக்கைக் கருவியும் மாட்டுங்கள். ரேடியேட்டர் பக்கத்தில், கவிழாத வாளியில் தண்ணீர் வைத்தால் காற்று வறளாது. சூடு, இருட்டு, ஈரம் மூன்றும் சேர்ந்துவிட்டால் அது வளைதான்.

மாலையில் ஆமை தானே உள்ளே போகப் பழகும். பட்டைகள் ஓட்டில் உரசும் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் மணி பார்க்கத் தேவையில்லை. அப்படியும் தினமும் இரவில் போய்ப் பார்ப்பேன். அகச்சிவப்பு வெப்பமானியை முதுகோட்டில் ஒருமுறை, முன்னங்காலில் ஒருமுறை பிடிப்பேன். இரண்டும் 26, 27 என்று காட்டினால் நிம்மதியாகக் கதவைச் சாத்தலாம்.

## படி 6: உணவு

புல். அது போதும் என்று இங்கேயே நிறுத்திவிடலாம். வளர்ந்த சல்காட்டாவின் உணவில் 80 முதல் 90 சதவீதம் புல்லும் உலர்புல்லுமாக இருக்க வேண்டும். குதிரையைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், குடலின் பின்பகுதியில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துத்தான் அது சத்தெடுக்கிறது. பழம் கொடுத்தால் சர்க்கரை அந்த நுண்ணுயிர்களின் சமநிலையைக் கெடுக்கும், வயிற்றோட்டம் வரும், புழுக்கள் பெருகும். ஆசைக்கு ஒரு துண்டு என்று தொடங்கியவர்கள் எல்லாருக்கும் ஆமை புல்லை ஒதுக்கிய அனுபவம் உண்டு.

அருகம்புல், திமோத்தி, ஆர்ச்சர்ட் புல் எல்லாம் நல்லவை. குதிரைமசாலில் புரதம் அதிகம், எப்போதாவது போதும். செம்பருத்தியின் இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவை தாராளமாக. உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இந்த இலைகளில் அது அமைந்திருக்கும். பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும், முட்டைகோஸ் வகைகள் தைராய்டைப் பாதிக்கும். ஒருநாள் தின்றால் ஒன்றும் ஆகாது, தினமும் கூடாது. நாய், பூனை உணவு, ரொட்டி, சோறு, பருப்பு எதுவும் வேண்டாம்.

குஞ்சுக்கு உலர்புல் முரடாக இருக்கும். கத்தரியால் அரிசி நீளத்துக்கு நறுக்கி, நீரில் ஊறவைத்து, அதற்குப் பிடித்த இலையோடு பிசைந்து கொடுங்கள். முதலில் ஒரு சிட்டிகை, பிறகு வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். ஒரு வருடத்தில் வெறும் புல்லைத் தேடித் தின்னும். வளரும் வயதில் வாரம் இரண்டு முறை பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடி தூவுங்கள். ஒரு கணவாய் ஓட்டை எப்போதும் பக்கத்தில் போட்டு வையுங்கள், வேண்டும்போது கொறித்துக்கொள்ளும், அலகும் தேயும்.

உணவு சரியா என்று கழிவைப் பார்த்தே சொல்லலாம். வளர்ந்த ஆமையின் சாணம் குதிரைச் சாணம் போல இருக்கும். குச்சியால் உடைத்தால் உள்ளே புல் நார் தெரிய வேண்டும். கூழாக இருந்தால், நாற்றமடித்தால், கடந்த ஒரு வாரம் என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள்.

## படி 7: தண்ணீர்

வளர்ந்த ஆமைக்கு வாரம் இரண்டு முறையாவது ஊறல் வேண்டும். தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வைக்க முடியாது, ஆகவே முற்றத்திலேயே ஆழமில்லாத பள்ளம் ஒன்றைச் சிமெண்டால் பூசி, இறங்கி ஏறச் சரிவு வைத்துக் கட்டுங்கள். நீர் தாடையைத் தொடக் கூடாது. அதற்குள்ளேயே கழிக்கும் என்பதால் தினமும் மாற்ற வேண்டும். வெயில் நாளில் ஒரு மூலையில் மண்ணும் நீரும் கலந்த சேற்றுக் குழி இருந்தால் அதிலேயே புரண்டு கிடக்கும்.

சிறுநீரோடு வெள்ளையாக ஒன்று வெளிவரும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைக் கண்டு பயந்துபோவார்கள். அது யூரேட், நீரை மிச்சம் பிடிக்க ஆமை யூரிக் அமிலத்தைக் கெட்டியாக்கி வெளியேற்றுகிறது. அதை இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு. பற்பசை மாதிரி வழுக்கினால் நல்லது. மணல் மாதிரி நறநறவென்றால் உடலில் நீர் போதவில்லை. அப்படியே விட்டால் சிறுநீர்ப்பையில் அது கல்லாக இறுகும். சல்காட்டாக்களுக்கு இந்தக் கல் அடிக்கடி வருகிறது. பெரிதாகிவிட்டால் வயிற்றோட்டை அறுத்துத் திறந்துதான் எடுக்க வேண்டும், அந்தக் காயம் ஆறப் பல மாதங்கள் ஆகும்.

கடும் வெயிலில் ஆமை நுரை நுரையாக எச்சில் வடித்து முன்னங்கால்களில் பூசிக்கொள்வதைப் பார்த்தால் படம் எடுக்க நிற்காதீர்கள். உடல் சூடு எல்லை மீறும்போது தன்னைக் குளிர்விக்க அது கடைசியாகச் செய்வது அது. உடனே நிழலுக்குத் தள்ளி நீர் ஊற்றுங்கள்.

## படி 8: கவிழ்ந்தால், தூக்கினால்

ஆமையின் நுரையீரல் முதுகோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. மல்லாந்து கவிழ்ந்தால் குடலும் கல்லீரலும் நுரையீரலின்மேல் அழுந்தி மூச்சு முட்டும். வெயிலில் கவிழ்ந்த ஆமை சில மணி நேரத்தில் இறந்துவிடும். ஏறி விழும்படியான கல், பலகை, பாதி சாய்ந்த சாமான் எதையும் முற்றத்தில் விடாதீர்கள். பகலில் இரண்டு மூன்று முறை எங்கே இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். வயிற்றைப் பார்க்க வேண்டுமானாலும் திருப்பாதீர்கள், இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க மூன்றாமவர் பார்க்கட்டும்.

தூக்கும்போது பயந்து சிறுநீர்ப்பையை மொத்தமாகக் காலி செய்துவிடும். அது அதன் நீர்ச் சேமிப்பு. இறக்கியதும் தண்ணீரில் விட மறக்காதீர்கள்.

ஓட்டில் பெயிண்ட், எண்ணெய், மெருகு எதுவும் வேண்டாம். துளை போட்டுக் கயிறு கட்டுவது கொடுமை; எலும்பில் துளையிடுவதும் அதுவும் ஒன்றே.

## படி 9: நோய்

மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். சாமான் எடைபோடும் தரைத் தராசின்மேல் பிடித்தமான இலையை வைத்தால் தானே ஏறி நிற்கும். நோயை முதலில் சொல்வது அந்த நோட்டுதான். ஆமை தன் நோவை வெகுநாள் மறைக்கும்.

மூக்கில் சளி, குமிழி, வாய் திறந்து மூச்சு விடுதல், கண் வீக்கம், ஓடு அமுங்குதல், பின்னங்கால் இழுத்தல், முக்குதல், இரண்டு நாளுக்கு மேல் உண்ணாமை: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். போகும் வரை சூட்டைக் குறையவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு மருந்தின் பெயரைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: ஐவர்மெக்டின். ஆடுமாடு, நாய்க்குப் புழுவுக்கும் உண்ணிக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் இந்த மருந்து ஆமையைக் கொன்றுவிடும். ஊசி போடும் முன் என்ன மருந்து என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஆரோக்கியமான ஆமையின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம். தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதீர்கள், அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

பெண் ஆமை, ஆண் துணையே இல்லாமலும் முட்டையிடும். திடீரென்று அமைதியிழந்து, உண்ணாமல், அங்குமிங்கும் தோண்டினால் முட்டை இருக்கலாம். இளகிய மண் அரை மீட்டருக்கு மேல் ஆழமாக உள்ள வெயில்படும் இடம் ஒன்றைக் கொடுங்கள். சில நாளாகியும் இடாமல் சோர்ந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரு ஈட்டில் 15 முதல் 30 முட்டை வரை வரும். அவற்றைப் பொரிக்கவைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்தனை ஆமைகளுக்கும் இத்தனை பெரிய முற்றம் எங்கே இருக்கிறது?

## படி 10: உங்களுக்குப் பிறகு

செயின்ட் ஹெலினா தீவில் ஜொனாதன் என்றொரு சீஷெல்ஸ் ராட்சத ஆமை உண்டு. 1832 வாக்கில் பிறந்ததாகக் கணிக்கிறார்கள். 1882-ல் அந்தத் தீவுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் யாரும் இன்று இல்லை. சல்காட்டா அத்தனை காலம் வாழாது என்றாலும், முப்பது வயதில் குஞ்சு வாங்கினால் உங்களுக்கு நூறு வயதாகும்போதும் அது மேய்ந்துகொண்டிருக்கலாம்.

எனவே இப்போதே ஒருவரிடம் பேசுங்கள். 'பார்த்துக்கொள்கிறேன்' என்ற வாய்வார்த்தை மட்டும் போதாது, அவரை ஒரு வாரம் வரவழைத்து வேலைகளைச் செய்யவிட்டுப் பாருங்கள். ஆமைக்கு அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் வைத்து, அந்த எண்ணை உயிலில் சேருங்கள். வாங்கிய ஆவணம், எடை நோட்டு, மருத்துவர் எண், கொட்டகையின் மின்வரைபடம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

எங்கள் கோப்பின் முதல் பக்கத்தை என் அக்கா மகளுக்காக எழுதி வைத்திருக்கிறேன். ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் 27, தண்ணீர் தினமும், ஐவர்மெக்டின் கூடாது. அதற்குக் கீழே, இடது பக்கத் தாடையைச் சொறிந்தால் கழுத்தை நீட்டி நிற்கும் என்று.